எனக்கு நானே அனுப்பிக்கொள்ளும் இடம்: எட்டு மாதம் பயன்படுத்திய பிறகு

வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே செய்தி அனுப்பிக்கொள்ளும் வசதி 2022 நவம்பரில் வந்தது. அப்போது நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. குறிப்பு எழுதத்தான் வேறு செயலிகள் இருக்கின்றனவே, நமக்கு நாமே எதற்கு அனுப்பிக்கொள்ள வேண்டும் என்று விட்டுவிட்டேன். பெரும்பாலானவர்கள் அதில் முகவரி, பயணச்சீட்டு, வாங்க வேண்டிய சாமான் என்று போட்டு வைக்கிறார்கள். அதற்கும் நன்றாகத்தான் பயன்படுகிறது. ஆனால் எட்டு மாதமாக நான் அதை வேறொரு வேலைக்கு வைத்திருக்கிறேன். நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிற கருத்து எதுவானாலும் முதலில் அங்கேதான் போகும். ஓர் இரவு அங்கே கிடக்கும். காலையில் அதைப் படித்துவிட்டு, 'யாருக்கு?' என்ற ஒரே கேள்விக்கு அதன் கீழேயே பதில் எழுதுவேன். ஸ்டேட்டஸா, குரூப்பா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இந்த வேலைக்கு அது எப்படி உழைக்கிறது என்பதைப் பற்றித்தான் இந்த விமர்சனம்.

முதலில் அதன் அமைப்பு. புதிய உரையாடல் தொடங்கும் இடத்துக்குப் போனால் நம் பெயரும் பட்டியலில் இருக்கும், 'நீங்கள்' என்ற அடையாளத்தோடு. தொட்டால் மற்ற எந்த உரையாடலையும் போலத் திறக்கும். அதே பெட்டி, அதே அம்புக்குறி. எழுத்து, படம், குரல்பதிவு எல்லாம் போகும். அழைப்பு மட்டும் கிடையாது. கடைசியாக எப்போது வந்தோம் என்று காட்டாது. பிளாக் செய்யவும் முடியாது. இந்த வசதி வருவதற்கு முன்னால் சிலர் ஒரு குரூப் ஆரம்பித்து, கூட ஒருவரைச் சேர்த்து, உடனே அவரை நீக்கிவிட்டுத் தனியாக எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுற்று வேலை இப்போது இல்லை. டெலிகிராமிலும் சிக்னலிலும் இது முன்பிருந்தே உண்டு. சேமித்ததை ஒழுங்குபடுத்துவதில் டெலிகிராம் மேல் என்றே சொல்வேன். ஆனால் எனக்குப் பேசத் தோன்றுகிற இடம் வாட்ஸ்அப். தோன்றுகிற இடத்திலேயே தடுப்பும் இருக்க வேண்டும் என்பதுதான் நான் இதை எடுத்ததற்குக் காரணம்.

இதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் செய்யக்கூடாதா என்று கேட்கலாம். நானும் செய்து பார்த்தேன். மூன்று வாரம் கூட ஓடவில்லை. கோபம் வந்த நேரத்தில் கையில் இருப்பது போன். பேனாவைத் தேடி எடுப்பதற்குள் விரல் ஸ்டேட்டஸைத் திறந்திருக்கும். அதைவிட முக்கியமானது, நோட்டில் 'அனுப்பு' கிடையாது. எனக்கு வேண்டியிருந்தது எழுதுவது மட்டுமில்லை, அனுப்பிவிட்டேன் என்ற உணர்வும்தான் என்று இந்த உரையாடலில் எழுத ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. அந்த அம்புக்குறியை அழுத்தியதுமே மனதின் அரிப்பு பாதி அடங்கிவிடுகிறது. யாருக்குப் போனது என்பது உடம்புக்கு உடனே தெரிவதில்லை போலிருக்கிறது.

மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். பத்தொன்பது வருடமாக மற்றவர்கள் எழுதியதைப் பேனாவோடு படிக்கிறேன். தொழிலில் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம், எழுதிய சூட்டோடு யாராலும் தன் பிழையைப் பார்க்க முடியாது என்பது. கண் தாளில் இருப்பதைப் படிக்காது, மனதில் இருப்பதைப் படிக்கும். ஓர் இரவு ஆறப்போட்டால் மனதில் இருந்தது விலகி, தாளில் இருப்பது மட்டும் மிஞ்சும். எழுத்துப்பிழைக்குச் சொன்ன இந்தப் பாடம் நோக்கத்துக்கும் பொருந்தும் என்று எனக்கு இத்தனை வருடம் தோன்றவே இல்லை.

தோன்றியது ஒரு ராத்திரி. அப்பா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அக்காவுக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு, எனக்கு இல்லை. அது எங்களுக்குள் சண்டையாக இருந்ததில்லை. அன்று மாலை போனில் பேசும்போது அக்கா, "நீயும் ஒரு தடவை கும்பிட்டுத்தான் பாரேன்டி, மனசு லேசாகும்" என்றாள். நான் சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். இரவு 11:52க்கு எனக்கு நானே அனுப்பியது இது:

"துக்கத்தைக் கடவுளிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள், துக்கத்தோடு விழித்திருப்பவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டாம்."

எழுதியபோது அது எனக்கு நம்பிக்கையைப் பற்றிய ஒரு பொதுக் கருத்தாகத்தான் தெரிந்தது. நன்றாக வந்திருக்கிறது என்று கூட நினைத்தேன். இதைப் படிக்கும் யாரோ ஒருவருக்கு ஆறுதலாக இருக்கும் என்றும் சொல்லிக்கொண்டேன். காலையில் திறந்து, வழக்கம்போல 'யாருக்கு?' என்று கேட்டபோது பதில் வரவில்லை. பிறகு தொழில் பழக்கத்தில் சொல் சொல்லாகப் போனேன். 'தூங்குகிறவர்கள்' என்ற இடத்தில் நின்றேன். அந்தப் பன்மையை எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். தூங்குகிறவள். விழித்திருப்பவள். அவ்வளவுதான், அக்காவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம்.

அக்கா என் ஸ்டேட்டஸைத் தினமும் பார்ப்பாள். பார்த்திருப்பாள். எதுவும் கேட்டிருக்க மாட்டாள். அவளிடம் நேரே சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லாத ஒன்றை, ஊர் முன்னால் சொல்லி, அவள் காதில் விழ வைத்து, கேட்டால் பொதுவாகச் சொன்னேன் என்று தப்பித்துக்கொள்ள வழியும் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். ஜாடை பேசுவது என்று நம் வீடுகளில் இதற்குப் பெயர் உண்டு. வெங்கலத்தில் அடித்து மண்பானைக்குக் கேட்கவைப்பதுபோல என் அத்தை பேசுவாள், எனக்கு அது சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. அதையேதான் நான் நல்ல தமிழில் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

அன்று அக்காவைக் கூப்பிட்டேன். எழுதியதைப் படித்துக் காட்டவில்லை. "நீ சொன்னது எனக்குக் கஷ்டமா இருந்துச்சுக்கா. நீ நிம்மதியா தூங்குற, எனக்கு அது இல்லைன்னு குத்திக்காட்டுற மாதிரி இருந்துச்சு" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னாள்: "நான் எங்கடி தூங்கறேன்? மூணு மணிக்கெல்லாம் முழிப்பு வந்துடுது. எழுந்து உக்காந்துடறேன். கும்பிடறது அப்பத்தான்."

என் வரியில் நோக்கம் மட்டும் பிழை இல்லை. தகவலே பிழை.

அதிலிருந்து இந்த ஒரு சோதனையை விடாமல் செய்கிறேன். 'சிலர்', 'இந்தக் காலத்துப் பெற்றோர்கள்', 'படித்தவர்களே', 'மக்கள்' என்று நான் எழுதியிருக்கும் இடமெல்லாம் பன்மையை எடுத்துவிட்டு ஒருமையில் படிப்பேன். பாதிக்கு மேல் ஒரு முகம் வந்து நிற்கும். நான் வேலையை விட்டுவந்த இடத்தின் மேலாளர் முகம் நாலைந்து தடவை வந்தது. அவர் எண் கூட இப்போது என்னிடம் இல்லை. நேர்மையைப் பற்றியும் உழைப்பைப் பற்றியும் நான் எழுதியதெல்லாம் ஒருநாளும் படிக்கப் போகாத ஒரு மனிதருக்கு.

முகம் வராதவற்றில் இன்னொரு வகை இருக்கிறது. உலகத்தில் ஏதோ ஒரு பெரிய துயரம் நடந்த நாளில், எல்லோரும் ஏதாவது போட்டிருப்பார்கள். நானும் எழுதினேன். மறுநாள் அதன் கீழே 'யாருக்கு?' என்று கேட்டதற்கு நான் எழுதிய பதில்: "போடாவிட்டால் என்ன நினைப்பார்களோ என்ற பயத்துக்கு." அதை எழுதும்போது வெட்கமாக இருந்தது. வருத்தம் பொய்யில்லை, பயமும் பொய்யில்லை. ஆனால் என்னை எழுத வைத்தது பயம்தான்.

இங்கே ஓர் ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் டயானா டாமிர், ஜேசன் மிட்செல் என்ற இருவர் 2012இல் வெளியிட்டது. தன்னைப் பற்றியும் தன் கருத்தைப் பற்றியும் சொல்லும்போது, பரிசு கிடைத்தால் மூளையில் எந்தப் பகுதிகள் துடிப்பாகுமோ அதே பகுதிகள் துடிப்பாகின்றன என்று பார்த்தார்கள். தன்னைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்வதற்காக, கிடைக்கவேண்டிய பணத்தில் கொஞ்சத்தை விடவும் மனிதர்கள் தயாராக இருந்தார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது அதன் இன்னொரு பகுதி. ஆய்வுக்கு வந்தவர்கள் தங்களோடு ஓர் உறவினரையோ நண்பரையோ கூட்டி வந்தார்கள். சொல்வது அவருக்கும் போய்ச் சேரும் என்று தெரிந்தபோது அந்த இன்பம் கூடியது. அதாவது, சொல்வதில் ஓர் இன்பம், அது ஒருவர் காதில் விழுகிறது என்பதில் இன்னோர் இன்பம். இரண்டும் தனித்தனி.

நான் பயன்படுத்துவது இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுகிற கருவி. எழுதி அனுப்புகிறேன், முதல் இன்பம் கிடைத்துவிடுகிறது. அதற்கு மேலும் மனம் எதையோ கேட்டால், அது கேட்பது கேட்கிற ஆளை.

இதோடு சேர்த்து இன்னோர் அமைப்பையும் மாற்றிப் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் நீலக்குறியை அணைத்துவிட்டால், நம் ஸ்டேட்டஸை யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியலும் நமக்குக் கிடைக்காது. குரூப்புகளில் நீலக்குறி மாறாது, குரல்பதிவைக் கேட்டதற்கான குறியும் மாறாது, மற்றபடி போய்விடும். ஒரு மாதம் அணைத்து வைத்தேன். ஸ்டேட்டஸ் 24 மணி நேரம் இருக்கும், நான் முன்பு அந்த 24 மணி நேரத்தில் எத்தனை தடவை அந்தக் கண் அடையாளத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அது இல்லாமல் போன பிறகுதான் கைக்குத் தெரிந்தது. விரல் அங்கே போய்ப் போய்த் திரும்பியது. அந்த மாதம் நான் வைத்த ஸ்டேட்டஸ் இரண்டே இரண்டு. அதற்கு முந்தைய மாதம் இருபதுக்கு மேல். பட்டியல் இல்லை என்றதும் கருத்தும் குறைந்துவிட்டது என்றால், அந்தக் கருத்துகளில் எத்தனை எனக்கு உண்மையிலேயே வேண்டியிருந்தவை?

சரி, அந்த இரண்டில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாவற்றையும் உள்ளேயே பூட்டி வைப்பதற்காக நான் இதைப் பரிந்துரைக்கவில்லை. அப்பாவின் கண்களை நாங்கள் தானம் செய்தோம். அதைப் பற்றி எழுதினேன். இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும், தாமதிக்கத் தாமதிக்கக் கெடும் என்பது. இன்னொருவருக்குப் பொருத்துவது முழுக் கண்ணை அல்ல, முன்னால் இருக்கும் கருவிழிப் படலத்தை என்பது. கண்ணாடி போட்டிருந்தவர், கண்புரை அறுவை செய்துகொண்டவர் கூடத் தரலாம் என்பது. வருகிறவர்கள் வரும்வரை இமைகளை மூடி, மேலே ஈரத்துணி போட்டு, மின்விசிறியை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது. அப்பாவின் கண்மேல் அந்த ஈரத்துணியை வைத்தது நான்தான். காலையில் 'யாருக்கு?' என்று கேட்டேன். "இன்றைக்கோ நாளைக்கோ வீட்டில் ஒருவரை இழக்கப் போகிற, இதெல்லாம் தெரியாத ஒருவருக்கு" என்று தடையில்லாமல் பதில் வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது: "அப்பா இப்படிப்பட்டவர் என்று நாலு பேருக்குத் தெரியவேண்டும்." அதையும் எழுதி வைத்தேன். அந்த ஆசையில் எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. இரண்டும் சேர்ந்தே அது வெளியே போனது. கூட வேலை பார்க்கும் ஒருவர் அன்று இரவு கூப்பிட்டு, மின்விசிறியை ஏன் நிறுத்த வேண்டும் என்று கேட்டார். காற்றில் கருவிழி உலர்ந்துவிடும் என்று சொன்னேன். அவர் வீட்டில் யாருக்கு முடியவில்லை என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இந்த முறைக்கு ஒரு பெரிய குறை உண்டு. அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். குடும்பக் குரூப்பில் மாமா ஒரு ஃபார்வர்டு போட்டார், இரட்டை அம்புக்குறியோடு, அதாவது பல கை மாறி வந்தது. இரத்த அழுத்த மாத்திரை தேவையே இல்லை, நிறுத்திவிட்டு மூச்சுப் பயிற்சி மட்டும் செய்தால் போதும் என்று இருந்தது. நான் மறுப்பு எழுதினேன். வழக்கப்படி எனக்கே அனுப்பி, ஆறப்போட்டேன். காலையில் படித்தபோது முதல் வரி இப்படி இருந்தது: "படித்தவர்களே இப்படி அனுப்புவது வெட்கக்கேடு." அது மாமாவுக்கு. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் சில வகைகளில் அழுத்தம் முன்பைவிட எகிறும், மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்ற மீதி வரிகள் எல்லோருக்கும். முதல் வரியை வெட்டிவிட்டு மீதியை அனுப்பினேன். நல்ல திருத்தம்தான். ஆனால் அதற்குள் சித்தப்பா ஒரு வேளை மாத்திரையை விட்டிருந்தார். நல்ல வேளையாக ஒன்றும் ஆகவில்லை. அதிலிருந்து விதியை மாற்றிக்கொண்டேன். யாருக்காவது கெடுதல் வரக்கூடிய தகவல் என்றால் காத்திருப்பது கிடையாது. இந்த உரையாடலில் எழுதி, முதல் வரியை மட்டும் வெட்டி, அந்த நிமிடமே அனுப்பிவிடுவேன். என் எழுத்தில் என் கோபம் எப்போதும் முதல் வரியில்தான் உட்கார்ந்திருக்கிறது என்பது பல மாதத்துச் செய்திகளை ஒன்றாகப் பார்த்ததில் தெரிந்தது.

'வெட்கக்கேடு' மாதிரிச் சொற்களை வெட்டினால் ஒரு நஷ்டமும் உண்டு, மறைக்கக் கூடாது. நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் பிரேடியும் கூட்டாளிகளும் 2017இல் ட்விட்டர் பதிவுகளை ஆராய்ந்தார்கள். துப்பாக்கிக் கட்டுப்பாடு, ஒருபாலினத் திருமணம், பருவநிலை மாற்றம் ஆகிய மூன்றைப் பற்றிய பதிவுகள். நியாய உணர்வும் உணர்ச்சியும் சேர்ந்த சொல் ஒவ்வொன்றும் கூடக் கூட, பதிவு பரவுவது ஏறக்குறைய 20 சதவீதம் கூடியது. நான் வெட்டுவது அந்தச் சொற்களைத்தான். என் எழுத்து இப்போது அதிக தூரம் போவதில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அந்த ஆய்விலேயே, அப்படிப்பட்ட பதிவுகள் பெரும்பாலும் தன் கட்சிக்காரர்களுக்குள்தான் சுற்றின, எதிர்ப்பக்கத்துக்கு அவ்வளவாகப் போகவில்லை. மாமாவுக்குப் போய்ச் சேர வேண்டியது மாமாவைத் தவிர எல்லோருக்கும் போய் என்ன பயன்?

கருவியின் சில்லறைக் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தலைப்புவாரியாகப் பிரித்து வைக்க வழியில்லை. சாமான் பட்டியலுக்கு நடுவே அப்பாவைப் பற்றிய வரி கிடக்கும். முக்கியமானதற்கு நட்சத்திரம் போட்டு வைக்கலாம். நேற்று எழுதியதைப் பார் என்று தானாக நினைவூட்டாது, நாமாகத்தான் திறக்க வேண்டும். அலுவலகக் கணினியில் வாட்ஸ்அப்பை இணைத்திருந்தால் இதுவும் அங்கே தெரியும், அதை மறந்துவிட வேண்டாம். மேலே பொருத்தி வைத்தால் பக்கத்து உரையாடலில் கை தவறி விழும் ஆபத்து உண்டு. எனக்கு ஒருமுறை குடும்பக் குரூப்பில் விழுந்தது. உடனே எல்லோருக்கும் நீக்கினேன். ஆனால் நீக்கியதற்கான தடம் அங்கேயே நிற்கும், "என்னம்மா அழிச்சே?" என்று மூன்று பேர் கேட்டார்கள். இப்போது அந்த உரையாடலுக்கு மட்டும் வேறு பின்னணி நிறம் வைத்திருக்கிறேன், எழுதும் முன் கண் அதைப் பார்த்துக்கொள்கிறது.

ஐந்துக்கு நான்கரை நட்சத்திரம் தருவேன். அடிக்கடி எழுதி அழிக்கிறவர்களுக்கும், போட்ட பிறகு அரைமணிக்கு ஒருமுறை யார் பார்த்தார்கள் என்று பார்க்கிறவர்களுக்கும் இது உடனே உதவும். ஏற்கெனவே பேசத் தயங்கித் தயங்கி உள்ளே வைத்துக்கொள்கிறவர்களுக்கு வேண்டாம். அவர்களுக்கு இது இன்னொரு பூட்டாகிவிடும். அவர்கள் நேரே சொல்லிப் பழகட்டும்.

போன மாதம் அக்கா வந்திருந்தபோது என் போனில் இதைப் பார்த்துவிட்டு, "உன் பேருக்கே நீ அனுப்பியிருக்கியே, இது என்னடி?" என்று கேட்டாள். சொன்னேன். எதற்காக என்பதையும், அந்த 11:52 செய்தியையும் காட்டினேன். படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள். பிறகு தன் போனை என் கையில் கொடுத்து, எனக்கும் போட்டுக் கொடு என்றாள். அவள் பெயரைத் தேடி, திறந்து, மேலே பொருத்தி, மஞ்சள் பின்னணி வைத்துக் கொடுத்தேன். இப்போது சில நாள் விடியற்காலை மூன்று மணிக்கு அவள் பெயரின் கீழே 'ஆன்லைன்' என்று தெரிகிறது. எனக்குச் செய்தி ஏதும் வருவதில்லை. நானும் கேட்பதில்லை.